சிம் அவர் பெயரில், பதிவு எண் உங்கள் பெயரில்

கேள்வி: வணக்கம் மேடம். கோவை சரவணம்பட்டியில் இருந்துகொண்டு சைட் (வீட்டுமனை) விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) ஏஜென்ட் பதிவு இருக்கிறது. பார்ட்டிகளுக்கு சைட் காட்டவே பொழுது போய்விடுவதால், 14 மாதத்துக்கு முன் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை விர்ச்சுவல் அசிஸ்டென்டாக வைத்தேன். நேரில் பார்த்ததே இல்லை. மாதம் 15,000 ரூபாய், விற்பனை முடியும் ஒவ்வொரு சைட்டுக்கும் 2,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் பேசியதுதான், அக்ரிமென்ட் கிடையாது. பிசினஸ் சிம்மையும் பணம் அனுப்பி அவரையே வாங்கச் சொன்னேன். வாடிக்கையாளர் லிஸ்ட்டும் அவருடைய ஜிமெயிலில்தான் இருக்கிறது. இப்போது வேலையை விட்டுவிட்டு, அதே நம்பரிலிருந்து என்னுடைய 1,800 வாடிக்கையாளர்களையும் அழைத்து வேறொருவருக்கு வியாபாரம் பிடிக்கிறார். கோபத்தில் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டு, ‘ஃப்ரீலான்சருக்கு ஏது சம்பளம்’ என்று மெசேஜ் போட்டேன். அவர் இனி இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று தடை வாங்க முடியுமா? நம்பரும் லிஸ்ட்டும் திரும்பக் கிடைக்குமா? இதற்கு நடுவில், அன்னூர் பக்கம் 3 ஏக்கர் லேஅவுட் ஒன்றை ‘டிடிசிபி, ரெரா அப்ரூவ்டு’ என்று, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககமும் ரெராவும் அனுமதித்ததாக, என் பெயரில் அவர் விளம்பரம் போட்டிருக்கிறார். ரெரா நம்பர் இன்னும் வரவில்லை. அதைப் பார்த்து ஒருவர் 24 லட்ச ரூபாய் சைட்டுக்கு லேஅவுட் ஓனரிடம் 1 லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டு, இப்போது என்னிடம் பணத்தைக் கேட்கிறார். அடுத்து மதுரையிலிருந்து ஒருவரை எடுக்கப் போகிறேன். என்ன எழுதி வாங்க வேண்டும்?

பதில்: போகிற போக்கில் சொல்லிவிட்ட அன்னூர் விஷயத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். நம்பர் போனால் வியாபாரம் கொஞ்ச நாள் படுக்கும். பதிவு போனால் கடையையே மூட வேண்டியதுதான்.

அந்த விளம்பரத்தை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதன் கீழே இருந்தது உங்கள் பெயரும் உங்கள் ரெரா எண்ணும்தானே? வாங்க வந்தவருக்குத் திருநெல்வேலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியும்? அவர் உங்கள் ஆபீஸோடு பேசியதாகத்தான் நினைத்திருப்பார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 238 சொல்வது இதுதான்: உங்கள் வேலையைப் பார்க்கும்போது உங்கள் ஆள் சொன்ன பொய், நீங்கள் சொன்ன பொய்யாகவே கருதப்படும். ‘அப்படி எழுத நான் அதிகாரம் கொடுக்கவில்லையே’ என்பீர்கள். கொடுத்திருக்கிறீர்கள் என்று வெளியார் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டிருந்தால், பிரிவு 237 அந்தக் கதவையும் சாத்திவிடுகிறது. 14 மாதம் உங்கள் பெயரில் அவரே விளம்பரம் போட்டிருக்கிறார், நீங்கள் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

இனி ரெரா. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. 500 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் 12 சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும். உங்களுடையது 300 சென்ட். பதிவு செய்ய வேண்டியது லேஅவுட் போட்டவர்தான். ஆனால் பதிவாகாத திட்டத்தில் சைட் விற்க உதவக் கூடாது, இல்லாத அப்ரூவலை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்பது பிரிவு 10-இல் ஏஜென்ட்டுக்கென்றே வைத்திருக்கும் கடமை. ‘அப்ளை பண்ணியாச்சு, நம்பர் வந்துடும்’ என்று இந்தத் தொழிலில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பிரிவு. மீறினால் பிரிவு 62-இன்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சைட் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். 24 லட்சத்துக்கு 1,20,000 ரூபாய். 12 நாளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். தவறான தகவல் அல்லது மோசடி என்று முடிவானால் பிரிவு 9-இன் கீழ் உங்கள் பதிவையே ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

டோக்கன் பணம் ஓனர் கைக்குப் போயிருப்பதால், திருப்பித் தரும் முதல் பொறுப்பு அவருடையது. ஆனாலும் பிரிவு 31-இன் கீழ் ஏஜென்ட் மீதும் புகார் கொடுக்கலாம் என்பதை அந்தப் பார்ட்டிக்கு யாராவது ஒருவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். விளம்பரத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றே நீக்குங்கள். ஓனருக்கு ‘ரெரா எண் வராத சைட்டுக்கு வாங்கிய டோக்கனை இவருக்குத் திருப்பிக் கொடுங்கள்’ என்று எழுத்தில் அனுப்புங்கள், நகல் அந்தப் பார்ட்டிக்கும் போகட்டும். ஓனர் இழுத்தடித்தால், நீங்களே 1 லட்சத்தைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு அவரிடம் பிறகு வசூலித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வழக்கு நடத்தும் செலவைவிட அது மலிவு. கொடுக்கும்போது, முழுமையாகத் தீர்ந்தது என்று கையெழுத்து வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த 2,000 ரூபாய் கணக்கும் எனக்கு நெருடுகிறது. ரெரா சட்டத்தில் ‘ரியல் எஸ்டேட் ஏஜென்ட்’ என்பதன் விளக்கம் மிக அகலமானது. எந்த ஊடகம் வழியாக இருந்தாலும் சரி, வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்துவைத்துக் கமிஷனோ கட்டணமோ வாங்குபவர் ஏஜென்ட். அவருக்குத் தனிப் பதிவு வேண்டும். மாதச் சம்பளத்துக்கு உங்கள் பெயரில் போன் எடுப்பவர் உங்கள் பதிவுக்குள்ளேயே அடங்குகிறார் என்று என்னால் வாதாட முடியும். சைட் முடிந்தால் இவ்வளவு என்று ஒரு தொகை ஏறிவிட்டால் அந்த வாதம் ஆட்டம் காண ஆரம்பிக்கும். ‘பதிவில்லாத புரோக்கரை வைத்து வியாபாரம் செய்தார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். மதுரைக்காரருக்கு இன்சென்டிவ் கொடுக்க ஆசைப்பட்டால், எத்தனை அழைப்புக்குத் திரும்பப் பேசினார், எத்தனை சைட் விசிட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார் என்பதைப் பார்த்துக் கொடுங்கள். விற்பனையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, தடை. கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டித் தொழில் செய்யாதே என்று கட்டுப்படுத்தலாம். 1967-இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தக் கட்டு நீளாது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் அதே நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அவரிடம் அன்றே பத்து பக்கம் எழுதி வாங்கியிருந்தாலும், சைட் விற்கும் தொழிலே செய்யக் கூடாது என்ற வரி உங்களைக் காப்பாற்றியிருக்காது.

லிஸ்ட் வேறு கதை. அவர் தொழில் செய்யலாம், உங்கள் ரகசியத்தை வைத்துச் செய்யக் கூடாது. 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு தபால்வழி விற்பனை நிறுவனம் உழைத்துத் தொகுத்த வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று ஏற்று, எடுத்துப்போன முன்னாள் ஊழியருக்குத் தடை விதித்தது. 2006-இல் ஒரு வங்கி வழக்கில் அதே நீதிமன்றம், வாடிக்கையாளர் விவரத்தை வைத்துப் பழைய ஊழியரை முடக்க மறுத்தது. இரண்டுக்கும் நடுவே உங்கள் லிஸ்ட் எந்தப் பக்கம் நிற்கும்? வெறும் பெயரும் நம்பரும் என்றால் பலம் குறைவு. யாருக்கு எத்தனை சென்ட் வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, வடக்கு வாசல்தான் வேண்டும் என்றாரா, பேங்க் லோன் எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் 14 மாதம் சேர்த்த குறிப்புகள் இருந்தால், அது உழைத்துத் தொகுத்த பட்டியல்.

அந்தப் பட்டியல் யாருடையது என்று கேட்கும்போதுதான் நீங்கள் கோபத்தில் போட்ட மெசேஜ் உங்களையே குத்துகிறது. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17-இன்படி, ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் உருவாக்கியது, எழுதிக் கொடுக்காதவரை பெரும்பாலும் அவருக்கே சொந்தம். சம்பளத்தை மிச்சம் பிடிக்க அவரை ஃப்ரீலான்சர் என்றீர்கள். அதே வாயால் லிஸ்ட், அவர் செய்து கொடுத்த வீடியோக்கள், போஸ்டர்கள் எல்லாம் என்னுடையவை என்று நோட்டீஸ் அனுப்பினால், உங்கள் மெசேஜையே முதல் ஆவணமாக வைப்பார்கள். உண்மையில் அவர் ஊழியர் என்பதற்குத்தான் சான்று அதிகம்: காலை 10 முதல் மாலை 6 வரை என்ற நேரம், லீவுக்கு உங்களிடம் கேட்டது, மாதாமாதம் ஒரே தொகை, எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சே ஒப்பந்தம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 10ஏ மின்னணு வழியில் உருவான ஒப்பந்தத்தையும் செல்லும் என்கிறது. ஊழியர் என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். 15,000 ரூபாயை இன்றே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள், ‘கடைசி மாதச் சம்பளம்’ என்று குறிப்புப் போட்டு. உங்கள் வழக்குக்கு இதைவிட மலிவான ஆவணம் கிடைக்காது.

சிம் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. யாருடைய ஆதாரில் வாங்கியதோ, தொலைபேசி நிறுவனத்துக்கு அவர்தான் வாடிக்கையாளர். ரீசார்ஜ் நீங்கள் செய்தீர்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. அவர் சம்மதித்துப் பெயர் மாற்றிக் கொடுத்தால் வரும். ‘சிம் தொலைந்துவிட்டது’ என்று யாரையாவது பிடித்து டூப்ளிகேட் வாங்கும் யோசனை உங்களுக்கு வந்திருந்தால் மறந்துவிடுங்கள். அப்படி ஒருவர் செய்துவிட்டு என்னிடம் வந்தார், புகார்தாரராக வந்திருக்க வேண்டியவர் முன்ஜாமீனுக்காக வந்தார். நீதிமன்றத்தில் கேட்க முடிவது இது: அந்த எண்ணில் உங்கள் தொழிலின் பெயரையோ லோகோவையோ வைத்துக்கொண்டு, நீங்கள் பேசுவதுபோல் பேசக் கூடாது என்ற தடை. வாட்ஸ்அப் முகப்பில் இன்னும் உங்கள் தொழிலின் பெயர் இருந்தால் இது வலுவான கோரிக்கை.

போலீஸுக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். லிஸ்ட் உங்கள் கணக்கில் இருந்து, அவர் அனுமதியில்லாமல் நகலெடுத்திருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, 66 இரண்டும் பேசும். அது அவருடைய ஜிமெயிலிலேயே இருக்கிறதே! நம்பி ஒப்படைத்ததைக் கையாடினார் என்று பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) பிரிவு 316-ஐ இழுக்கலாம். ஆனால் சம்பள பாக்கி வைத்திருப்பவர் கொடுக்கும் அந்தப் புகாரை ஸ்டேஷனில் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் வக்கீல் நோட்டீஸ். சிம்மைப் பெயர் மாற்றிக் கொடு, லிஸ்ட்டின் உரிமையை மாற்றிக் கொடு, உன்னிடம் உள்ள நகலை அழி. பாதிப் பேர் இதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் கோவை சிவில் நீதிமன்றத்தில் தடைக்கு வழக்கு. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் சான்றிதழோடுதான் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும்.

நோட்டீஸுக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர் உங்களிடம் இல்லை என்று வெளியாருக்குத் தெரியும்வரை, அவர்களைப் பொறுத்தவரை அவருடைய அதிகாரம் முடியவில்லை. இது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 208. நாளைக்கே இன்னொருவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி டோக்கன் வாங்கினால் அதுவும் உங்கள் தலையில் விடியலாம். லிஸ்ட் கையில் இல்லாவிட்டாலும், உங்கள் சொந்த போனில் இருப்பவர்கள், லேஅவுட் ஓனர்கள், உங்கள் முகநூல் பக்கம், விளம்பரத் தளங்கள் எல்லாவற்றிலும் சொல்லுங்கள்: ‘இந்த எண் இனி எங்களுடையது அல்ல.’ அவ்வளவு போதும். ‘மோசடிப் பேர்வழி’ என்று ஒரு வார்த்தை சேர்த்தீர்களோ, அவதூறு வழக்கில் அவர் வாதி, நீங்கள் பிரதிவாதி.

மதுரைக்காரருக்கு முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். சம்பளம், நேரம், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கவனமாக எழுத வேண்டியது அவர் என்ன செய்யக் கூடாது என்பதை. போன் எடுக்கலாம், சைட் விசிட்டுக்கு நேரம் குறிக்கலாம், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துக் கொடுக்கலாம், ரெரா தளத்தில் எண் இருக்கிறதா என்று தேடிச் சொல்லலாம். விலை பேசக் கூடாது. டோக்கன் வாங்கக் கூடாது, தன் ஜிபே எண்ணைக் கொடுக்கவே கூடாது. ‘அப்ரூவ்டு’ என்ற சொல் உள்ள எந்த விளம்பரமும் நீங்கள் ‘ஓகே’ என்று பதில் போட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும். அவர் உருவாக்கும் பட்டியல், படம், வீடியோ எல்லாம் உங்களுக்கே உரிமை என்று ஒரு வரி. வாடிக்கையாளர் விவரத்தை வேலை முடிந்த பிறகும் வெளியிடக் கூடாது, நகலை ஒப்படைத்துவிட்டு அழிக்க வேண்டும் என்று ஒரு வரி. பின்னது உங்கள் நன்மைக்கு மட்டுமல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்தான். அதன்பின் உங்களுக்காக விவரத்தைக் கையாளுபவர் கசியவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

லிஸ்ட் உங்கள் ஜிமெயிலில் இருக்கட்டும், அவருக்குப் பகிர்ந்து கொடுங்கள். விலகும் நாளில் ஒரே தட்டில் எடுத்துவிடலாம். விளம்பரத் தளங்களின் பாஸ்வேர்டும் அப்படித்தான். புது சிம் வாங்க உங்கள் ஆதாரோடு நீங்களே கடைக்குப் போங்கள், பிறகு கூரியரில் மதுரைக்கு அனுப்பலாம்.