ஆங்கிலத்தின் 'கேஷ்', நம்முடைய 'காசு' தானா?

பாதி உண்மை. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே அமைந்த இரண்டு 'கேஷ்' உண்டு. 'கேஷா, கார்டா?' என்று கடையில் கேட்கிறார்களே, அது நம்முடையது அன்று.

லத்தீனில் பெட்டிக்குக் 'காப்சா' என்று பெயர். இத்தாலி, பிரான்ஸ் வழியாக உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது, அதிலிருந்த பணத்தையும் குறித்தது. பெட்டி என்ற பொருள் காலப்போக்கில் மறைந்துவிட்டது. கேஷியர் என்பவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். நாம் விழுங்கும் கேப்ஸ்யூலுக்கும் அதே வேர்தான்; சின்னப் பெட்டி என்று பொருள்.

"குறுந்தொகையிலேயே காசு இருக்கிறதே, ஆங்கிலம் பிந்தியதுதானே?" என்று சிலர் வாதிடுகிறார்கள். காசு பழைய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சொல் பழையது என்பதாலேயே, ஒலியில் ஒத்த பிறமொழிச் சொல் அதிலிருந்து பிறந்ததாகிவிடாது. எந்த வழியாகப் போனது என்பதைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது கேஷுக்கு அந்த வழி தெளிவாகத் தெரிகிறது. தமிழரின் காசைப் போர்த்துக்கீசியர் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, கீழை நாடுகளின் சில்லறை நாணயங்களுக்கெல்லாம் கேஷ் என்று பெயரிட்டார்கள். நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசை இன்றும் நாணயம் சேகரிப்போர் அப்படித்தான் அழைக்கிறார்கள். சீனர்களே வைக்காத ஒரு பெயர், நம் கடற்கரைச் சொல்லிலிருந்து அவர்கள் நாணயத்துக்கு அமைந்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பு. இதை விட்டுவிட்டு, நம்முடையதல்லாத மற்றொன்றுக்கு ஏன் உரிமை கோர வேண்டும்?

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கும் இதே சொல்லில்தான் நடந்தது: 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். திருவிதாங்கூரில் 16 காசு சேர்ந்தால் 'சக்கரம்' என்ற ஒரு நாணயம். கம்பெனிக்காக பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தில் ரோம எண்ணில் 20 என்றும் அருகே 'கேஷ்' என்றும் பொறித்திருக்கும். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் ஏராளமான நாணயங்களை மீட்டார்கள். அவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பொறித்திருக்கும் சொல், ஐயத்துக்கு இடமின்றித் தமிழ்க் காசுதான்.