வாசல் கூரையில் தகைவிலான் கூடு: வாசகர் கேள்வி

கேள்வி: எங்கள் வீட்டு வாசல் கூரையின் அடியில் தகைவிலான் குருவிகள் சேற்றால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கின்றன. சில நாட்களாகத் தரையெல்லாம் எச்சம். அடுத்த வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார். கூட்டைப் பெயர்த்து அருகிலுள்ள மரத்தில் வைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஈரச் சேற்றை அலகில் உருண்டை உருண்டையாகச் சுமந்து, நூற்றுக்கணக்கான முறை பறந்து வந்து சுவரோடு ஒட்டிய கூடு அது. பெயர்த்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உதிராமல் மரத்துக்குப் போனாலும், தாய்ப்பறவை இரையோடு திரும்புவது பழைய இடத்துக்குத்தான் என்பதால் குஞ்சுகள் பட்டினி கிடந்து மடியும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுமே, பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அழிப்பதைக் குற்றமாகக் கருதுகின்றன.

அடைகாப்புக்கு ஏறத்தாழ 2 வாரம், குஞ்சுகள் பறப்பதற்கு மேலும் 3 வாரம் ஆகும். இதில் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஏனெனில், சின்னஞ்சிறு குஞ்சுகளின் எச்சம் மெல்லிய சவ்வுப் பைக்குள் வெளிவரும். பெற்றோர் அதைக் கவ்விச் சென்று தொலைவில் போட்டுவிடும். வளர்ந்த குஞ்சுகளோ வாலைக் கூட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டி எச்சமிடத் தொடங்குகின்றன. தரை திடீரென்று அசுத்தமானதற்குக் காரணம் இதுதான். அந்த எச்சம் கூட்டுக்கு நேர் கீழேதான் விழும் என்பதால், அங்கே ஒரு பலகையைப் பொருத்தினால் போதும். பலகையைக் கூட்டை ஒட்டி வைக்காமல் நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள். நெருங்கி இருந்தால் காகமும் பூனையும் ஏறி நிற்க இடமாகிவிடும்.

மற்றச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கலாம். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். குஞ்சுகள் பறந்த பின்னும் சில இரவுகள் அங்கேயே வந்து அடையும். அதே கூட்டில் இரண்டாம் முறை முட்டையிடுவதும் உண்டு. ஆகவே, பறவை நடமாட்டம் முற்றிலும் நின்றதை உறுதிசெய்துகொண்டு மிச்ச வேலையை முடியுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து சுரண்டுங்கள்.

காலிக் கூட்டை விட்டுவைக்கவே நான் சொல்வேன். பறந்துகொண்டே கொசுவையும் ஈயையும் பிடித்துத் தின்று வாழும் இப்பறவைகள் மறு ஆண்டும் பழைய கூட்டைச் செப்பனிட்டுக் குடியேறும். அவ்விடம் வேண்டவே வேண்டாம் என்றால், அவை கூடு கட்டத் தொடங்கும் முன்பே சிறு துளைகள் கொண்ட வலையை அங்கே தொய்வின்றி இழுத்துக் கட்டுங்கள். தொங்கும் வலையில் பறவைகள் சிக்கி இறந்துபோகும்.