சாவியை அப்பா எங்கே தேடுவார்?

குழந்தை மனம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, இருபது வருசம் பால்வாடியில் இருந்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

பெருந்துறை: அவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போன வண்டிச் சாவியை அலமாரியில் வைத்தேன். மூன்றரை வயது மகளிடம், "அப்பா வந்து எங்கே தேடுவார்?" என்றால் அலமாரியைக் காட்டுகிறாள். நான் எடுத்து வைத்ததை அவளும் பார்த்தாளே?

பார்த்ததுதாங்க வினையே! தனக்குத் தெரிந்தது அப்பாவுக்கும் தெரியும் என்றே அந்த வயதில் நினைப்பு. 1983இல் விம்மர், பெர்னர் என்ற ஆய்வாளர்கள் இதையே ஒரு கதையாகச் சொல்லிச் சோதித்தார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா இடம் மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுச் சிறுசுகள் புது இடத்தையே காட்டின. நாலு, ஐந்தில்தான் தெளிவு வருகிறது.

நம் வீட்டு பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நூல்கண்டும்தானே இருக்கும்? அதைத் திறந்து காட்டி மூடிவிட்டு, "திறக்கறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்குன்னு நெனச்சே கண்ணு?" என்று கேளுங்கள். ஒரு நிமிசம் முன்னால் பிஸ்கட்டுக்குக் கை நீட்டிய பிள்ளை, நூல்கண்டு என்று சொல்லும். தன்னுடைய பழைய நினைப்பே அதற்குப் பிடிபடுவதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

திருப்பூர்: நாலு வயதுப் பையன் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

வாயோரம் வெல்லம் ஒட்டியிருக்க, ஒப்புட்டை எறும்பு தின்றுவிட்டது என்பானே, அதுதானே? அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்று புரிந்தால்தான் பொய்யே வரும். கண்டியுங்கள், கவலைப்படாதீர்கள்.

பொள்ளாச்சி: அப்படியானால் நாலு வயதுவரை அடுத்தவர் மனசு தெரியவே தெரியாதா?

ஆசை முன்னாலேயே தெரியும். 1997இல் ரெப்பசோலி, காப்னிக் செய்த ஆய்வில், பெரியவர் ப்ரோக்கோலியை ருசித்து பிஸ்கட்டுக்கு முகம் சுளித்தார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டின. 18 மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்ததைக் கொடுத்தன.

தாராபுரம்: பழக்க ஏதாவது ஆப் இருக்கிறதா?

ஆப் எதுக்குங்க? பேச்சு போதும். காது கேளாத குழந்தைகளில், சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளர்பவர்களுக்கு இந்தப் புரிதல் தாமதமாவதில்லை. பேச்சு மொழி மட்டுமே தெரிந்த பெற்றோரிடம் வளர்ந்து, சைகையைப் பிந்திக் கற்பவர்களுக்குத் தாமதமாகிறது. அதனால் 'நெனச்சாங்க', 'மறந்துட்டாங்க' என்ற சொற்கள் காதிலோ கண்ணிலோ விழுந்துகொண்டே இருக்கட்டும். பாட்டி வடை சுட்ட கதையில், நரி எதற்காகப் பாடச் சொன்னது என்று காக்கா நினைத்திருக்கும்? இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். "வடைக்காக" என்று பதில் வந்தால், சரி, ஆறு மாதம் கழித்து அதே கதையைத் திரும்பச் சொல்லலாம்.