கடல் பாக்டீரியாக்கள் நீந்த உதவும் வால் போன்ற கசையிழையைச் சுழற்ற ஆற்றலை எங்கிருந்து பெறுகின்றன? செல்லின் வழக்கமான ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்தா?

ஏடிபி இல்லை. செல்சவ்வைக் கடந்து உள்ளே பாயும் அயனிகள்தான் கசையிழை மோட்டாரைச் சுழற்றுகின்றன. குடல் பாக்டீரியாவான ஈ. கோலையில் அது புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி). கடலில் வாழும் விப்ரியோ இனங்களின் முனைக் கசையிழையில் சோடியம். எல்லாக் கடல் பாக்டீரியாவும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. நன்கு ஆராயப்பட்ட விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸை வைத்தே இந்தப் பதில்.

கடல்நீரின் பிஎச் சுமார் 8.1. வெளியே புரோட்டான் மிகச் சொற்பம். செல்லின் உள்ளே காரத்தன்மை குறைவு என்பதால், செறிவு வேறுபாடு புரோட்டானை வெளியேதான் தள்ளப் பார்க்கும். சோடியமோ லிட்டருக்கு 0.47 மோல் அளவில் கொட்டிக் கிடக்கிறது. உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், சவ்வின் மின்னழுத்தத்தோடு இன்னும் 60 மில்லிவோல்ட் சேர்கிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றுவது சுவாசச் சங்கிலியின் என்கியூஆர் நொதி.

மோட்டாரின் ஸ்டேட்டர் (சுழற்றும் விசையைத் தரும் பகுதி) ஒவ்வொன்றிலும் 5 பாம்-ஏ, 2 பாம்-பி புரதங்கள். பாம்-பியின் 24ஆவது இடத்தில் உள்ள ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தில் சோடியம் ஒட்டி விலகும்போது பாம்-ஏ வளையம் திரும்புகிறது. பல்சக்கரம் போல அது கசையிழையோடு இணைந்த சுழலும் பகுதியான ரோட்டாரையும் திருப்புகிறது. 1994இல் லேசர் நுண்ணோக்கியில் அளந்தபோது 35 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 1,700 சுற்றுகள் வரை கிடைத்தன. ஈ. கோலை 300 அளவில்தான். வியக்காமல் இருக்க முடியவில்லை!

சோதித்துப் பார்க்க: பிஎச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் 50 மில்லிமோலார் (பிஎச் 7.5), மெக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார், குளுக்கோஸ் 5 மில்லிமோலார். இதில் சோடியம் குளோரைடை 0 முதல் 300 மில்லிமோலார் வரை மாற்றுங்கள்; குறையும் அளவைப் பொட்டாசியம் குளோரைடால் ஈடுகட்டி மொத்தத்தை 300இல் நிறுத்துங்கள். வெறுமனே உப்பைக் குறைத்தால் ஊடுபரவலில் செல்லே பாதிக்கப்படும், முடிவை நம்ப முடியாது. சோடியம் கூடக்கூட நீச்சல் வேகமும் கூடும். சோடியமே இல்லையென்றால் ஸ்டேட்டர்கள் மோட்டாரை விட்டு விலகிவிடும். திரும்பச் சேர்த்தால் மறுபடி வந்து கூடும். சோடியப் பாதையை அடைக்கும் ஃபெனமில் 50 முதல் 100 மைக்ரோமோலார் போட்டாலும் நீச்சல் நிற்கும்.

பிசகுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். பிஎச்சைச் சோடியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்தால் "சோடியமற்ற" கரைசலிலும் சோடியம் வந்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எடுங்கள். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் குலுக்கினாலோ பிப்பெட்டில் வேகமாக இழுத்தாலோ கசையிழை அறுந்துவிடும். கவர் கண்ணாடிக்குக் கீழே செல்கள் நெருக்கமாக இருந்தால் ஆக்சிஜன் தீர்ந்து எல்லாமே நின்றுவிடும். ஃபெனமில் வேலை செய்கிறது என்று தவறாக நினைக்கத் தோன்றும்.

செல்களை அகார் தட்டிலிருந்து சுரண்டி எடுக்கவே கூடாது. திடப்பரப்பில் வளரும்போது இந்த இனம் பக்கக் கசையிழைகளையும் முளைக்கவைக்கும். அவை புரோட்டானால் ஓடுபவை, ஃபெனமிலுக்கு மசியாது. திரவ ஊடகத்தில் வளர்த்தவையே வேண்டும். அதிலும் ஃபெனமிலோடு மணிக்கணக்கில் வளரவிட்டால், முனைக் கசையிழை தடைபட்டதையே பரப்பு தட்டுப்பட்டதாக எடுத்துக்கொண்டு பக்கக் கசையிழை மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். மருந்தை அளவிடுவதற்குச் சற்று முன்பு சேர்த்தால் போதும்.