15 இஞ்ச் ரிம்மில் உட்காருவதெல்லாம் பிக்கப் டயர் இல்லை

கேள்வி: 2009-ஆம் வருட பொலேரோ பிக்கப் ஓட்டுகிறேன். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல், மற்ற மாதங்களில் பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய். இப்போது கிடப்பது 7.00-15 நைலான் டயர். பின்னால் இரண்டும் மொட்டையாகிவிட்டன. கடைக்காரரோ, "அதே 15 இஞ்ச் ரிம்தானே, ஜீப் மாடல் பொலேரோவுக்குப் போடும் 215/75 ஆர்15 ரேடியலைப் போட்டுக்கோங்க, விலையும் கம்மி" என்கிறார். போடலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். ரிம்மில் உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் உங்கள் லோடை அது தாங்காது.

டயரின் பக்கவாட்டில் சைஸுக்குப் பக்கத்தில் 100எஸ், 112/110 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அதுதான் சுமைக் குறியீடு (எஸ் எழுத்து வேகத்துக்கானது). 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104-க்கு 900, 108-க்கு 1,000, 112-க்கு 1,120 கிலோ. இரண்டு எண் இருந்தால் முதலாவதைப் பாருங்கள். இரண்டாவது, ஒரே பக்கத்தில் ஜோடி டயர் போடும் வண்டிக்கானது. ஜீப் மாடலுக்கு வரும் 215/75 ஆர்15 பெரும்பாலும் 100எஸ் தான்.

இப்போது கணக்குப் போடுவோம். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஆர்.சி. புக் அனுமதிக்கும் அளவு 32 மூட்டை என்றும், அப்போது பின் அச்சில் 1,800 கிலோ இறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு டயருக்கு 900. சட்டப்படி ஏற்றும்போதே 100எஸ் டயர் தோற்றுவிட்டது. நீங்களோ 32 மூட்டையோடு நிறுத்தமாட்டீர்கள், அறுவடை நேரத்தில் யாரும் நிறுத்துவதில்லை. 45 மூட்டை என்றால் கூடுதலாக 520 கிலோ, கிட்டத்தட்ட முழுவதும் பின்னால்தான். அப்போது டயருக்கு 1,160. 112 போட்ட டயருக்கே அது அதிகம். அதற்குமேல் டயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் அல்லது வண்டிக் கையேட்டில் உள்ள சைஸையே கேளுங்கள். எல்.டி. (லைட் டிரக், அதாவது சிறு லாரி வகை) என்ற எழுத்தும், கம்பெனி சொன்ன பி.ஆர். (பிளை ரேட்டிங், அடுக்கு பலம்) எண்ணும் இருக்க வேண்டும். 8 பி.ஆர். என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, எட்டு அடுக்குக்குச் சமமான பலம். அந்த எண்ணைக் குறைத்து வாங்காதீர்கள்.

நைலானா (உள்நூல் குறுக்கு மறுக்காக ஓடுவது), ரேடியலா (உள்நூல் ஓரத்திலிருந்து ஓரம் நேராக ஓடுவது)? நாள் முழுக்க வாய்க்கால் கரையிலும் வரப்பை ஒட்டிய வண்டித்தடத்திலும்தான் ஓட்டம் என்றால் நைலான் மோசமில்லை. பக்கவாட்டு ரப்பர் முரட்டுத்தனமானது, கல்லும் கட்டையும் உரசினாலும் சட்டென்று கிழியாது. நீங்கள் பட்டுக்கோட்டைக்குத் தார்ச்சாலையில் போய் வருகிறீர்கள். அதற்கு எல்.டி. ரேடியல்தான் சரி: சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். ஒரே அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று மட்டும் கலக்காதீர்கள். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் ரேடியல் ஜோடி பின்னால்தான் போக வேண்டும். ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது கஷ்டம்.

கடையில் பிராண்டுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3824 என்றால் 2024-இன் 38-ஆவது வாரம் தயாரானது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.எஃப். ஆலை பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் பக்கத்து ஊர்ச் சரக்கும் குடோனில் மூன்று வருடம் தூங்கலாம். அப்புறம் பில். புது டயருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

பழைய டயரைக் கழற்றியதும் தூக்கிப் போடாமல் ஒரு முறை பாருங்கள். ஓரம் இரண்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது அதிக லோடு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். முன் டயரில் ஒரு பக்கம் மட்டும் என்றால் பால் ஜாயின்ட், டை ராட் (முன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் இணைப்புகள்) அல்லது அலைன்மென்டில் கோளாறு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியில் இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும்.

கேள்வி: பாதி விலைக்கு செகண்ட் ஹேண்ட் டயர் பளபளவென்று கிடைக்கிறது. வாங்கலாமா? (திருவையாறு வாசகர்)

பதில்: பளபளப்பு பாலிஷ். வார எண்ணைப் பாருங்கள், ஆறு வருடம் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் மயிர்க்கோடு வெடிப்பும், உள்ளே ஒட்டுப் போட்ட தடமும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பட்டன் (டயரின் மேற்புற வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சாலையில் ஓட்டவே கூடாது என்பது விதி. ஸ்டெப்னிக்கு என்றால் யோசிக்கலாம். முன் சக்கரத்துக்கு, ரீட்ரெட் செய்ததும் சேர்த்து, நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: உப்பு லோடு அடிக்கும் பிக்கப். நாலு மாத டயரில் பக்கவாட்டில் வீக்கம். கடையில் "பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வாடகைக்கு ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாதாமே? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: போடலாம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று 2019 சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. சொந்த வண்டியை நீங்களே ஓட்டினால் அந்த விலக்குக்குள் வருவீர்கள்.

அதே சமயம், இப்படிப்பட்ட வீக்கம் பெரும்பாலும் அடிபட்டு உள்நூல் அறுந்ததால்தான் வருகிறது. கடைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். வாய்ச்சொல்லை ஏற்காமல், டயர் கம்பெனியின் ஆய்வாளர் பார்த்து எழுத்தில் காரணம் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுங்கள், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வீங்கிய டயரில் லோடு அடிக்காதீர்கள், இன்றே கழற்றுங்கள். ஆய்வுக்குக் கொடுக்கும்போது வார எண் தெரிய போட்டோ எடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.