மிளா நின்ற இடமும் மிளா தேர்ந்த இடமும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விலங்கியல் முதுகலை ஆய்வேட்டுக்காகக் கேரளத்தின் சின்னாறு சரணாலயத்தில் மிளாவின் (கடமானின்) புழுக்கைக் குவியல்களை எண்ணி வருகிறேன். இலையுதிர் காட்டில்தான் அதிகப் பதிவுகள் கிடைத்துள்ளன. மிளா அந்தக் காட்டையே விரும்புகிறது என்று எழுதலாமா? எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து கிடைத்த எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையை (chi-square) கணினியில் செய்து காட்டினால் போதுமா?
— மாணவி, மறையூர்

பதில்: அவ்வாறு எழுதிவிட வேண்டாம். ஒரு விலங்கின் தடயம் எங்கே அதிகமாகக் கிடைத்தது என்பதும், அது எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை காண, ஒவ்வொரு வகைக் காடும் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்ற கணக்கும் வேண்டும்.

எளிய எண்களைக் கொண்டு பார்ப்போம். நீங்கள் ஆய்வு செய்யும் பரப்பில் ஆற்றோரக் காடு 10 விழுக்காடு, இலையுதிர் காடு 40, முட்புதர்க் காடு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 குவியல்களில் ஆற்றோரத்தில் 60, இலையுதிர் காட்டில் 80, முட்புதரில் 60 கிடைத்தன என்றும் கொள்வோம். மொத்தக் குவியல்களில் ஒரு காட்டின் பங்கை, அதாவது பயன்பாட்டு விழுக்காட்டை, அதன் பரப்பு விழுக்காட்டால் வகுத்தால் கிடைப்பது தெரிவு விகிதம். ஆற்றோரத்துக்கு அது 3, இலையுதிர் காட்டுக்கு 1, முட்புதருக்கு 0.6. ஒன்றுக்கு மேற்பட்டால் அந்த இடத்தை நாடுகிறது, குறைந்தால் ஒதுக்குகிறது என்று பொருள். அதிகப் பதிவு கிடைத்த இலையுதிர் காட்டை மிளா நாடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அது நாடுவது ஆற்றங்கரையைத்தான். மூணாறு நனையும் தென்மேற்குப் பருவத்திலும் வறண்டு கிடக்கும் மழைமறைவு நிலத்தில், சின்னாற்றையும் பாம்பாற்றையும் ஒட்டிய நீர்மருது நிழல் ஒரு விலங்குக்கு எவ்வளவு பெரியது என்பதை அங்கே நடந்து பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் கவனம் தேவை. அந்த 50 விழுக்காடு முட்புதரில், சாலைக்கு அப்பால் உள்ள 30 விழுக்காட்டில் ஒரு குவியலும் கிடைக்கவில்லை என்றும், மிளா அங்கே போவதே இல்லை என்று கருதி அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 70 விழுக்காட்டையே முழுப் பரப்பாகக் கொண்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்: ஆற்றோரம் 2.1, இலையுதிர் காடு 0.7, முட்புதர் 1.05. பதிவுகளில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்த முட்புதர் நடுநிலைக்கு வந்துவிட்டது, நடுநிலையில் இருந்த இலையுதிர் காடு ஒதுக்கப்பட்ட இடமாகிவிட்டது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை எந்த மென்பொருளும் உங்களுக்காகத் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவர் நீங்கள். அதற்கான காரணத்தை ஆய்வேட்டில் எழுத வேண்டியவரும் நீங்கள்.

வனவிலங்குப் புள்ளியியலாளர் டக்ளஸ் ஜான்சன் 1980-இல் இந்தத் தெரிவை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: ஓர் இனம் பரவியிருக்கும் நிலப்பரப்பு, அதற்குள் ஒரு விலங்கின் நடமாட்ட எல்லை, அந்த எல்லைக்குள் அது பயன்படுத்தும் வாழிடம், அங்கே அது எடுக்கும் உணவு. சாலைக்கு அப்பால் மிளா போகாதது இரண்டாம் படியில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு. மூன்றாம் படியில் அதே நிலம் கணக்கில் வரக் கூடாது. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘விருப்பம்’ என்ற சொல்லையும் அவர் தனியே பிரித்தார்: எல்லா வாழிடமும் சம அளவில் கிடைத்தால் எதை எடுக்கும் என்பதே விருப்பம். எனவே உங்கள் தலைப்பில் ‘வாழிடத் தெரிவு’ என்று எழுதுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

புழுக்கையை எண்ணுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெட்டவெளியில் கிடப்பது கண்ணில் படும்; ஆற்றோரச் சருகுக்கு அடியில் கிடப்பது தப்பிவிடும், ஈரத்தாலும் வண்டுகளாலும் சீக்கிரம் சிதைந்தும் போகும். ஒவ்வொரு வகைக் காட்டிலும் சில புதிய குவியல்களை அடையாளமிட்டு, அவை எத்தனை நாளில் மறைகின்றன என்று பார்த்து வாருங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அதைச் செய்யாமல் தரும் விகிதத்தை நான் நம்பமாட்டேன்.

கை-வர்க்கச் சோதனையைச் செய்யலாம். மேற்சொன்ன முதல் எண்களுக்கு அது 96 என்று வரும். இந்த வேறுபாடு தற்செயலாக நேர 5 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்று சொல்ல 5.99-ஐத் தாண்டினாலே போதும். ஆனால் அந்தச் சோதனை ஒவ்வொரு குவியலையும் தனித்தனிச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. 200 குவியல்கள் என்பவை 200 மிளாக்கள் அல்ல. ஆகவே குவியலை விடுத்து, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் ஆய்வுக் கட்டங்களை அலகாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) கூட்டங்களைப் பின்தொடர்ந்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அவை இருக்கும் இடத்தைக் குறித்து, ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்த்துவிட்டோம். அனைத்தையும் ஒன்றாக்கிப் பகுப்பாய்வு செய்யலாமா?
— வாசகர், வால்பாறை

பதில்: ஒன்றாக்க வேண்டாம். ஒரே கூட்டம் ஒரே பலாமரத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் அது உங்கள் ஏட்டில் நான்கு பதிவு. காட்டைப் பொறுத்தவரை ஒரே முடிவு. இப்படிச் சான்றுகளைப் பெருக்கிக் காட்டும் பிழையைச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் விரிவாக எடுத்துரைத்தார். உங்களிடம் இருப்பது மூன்று சான்றுகள்.

இதற்குப் பொருத்தமான வழியை ஆய்வாளர்கள் ஏபிஷர், ராபர்ட்சன், கென்வர்டு ஆகியோர் 1993-இல் முன்வைத்தனர். சோலைத் துண்டு, காப்பி, தேயிலை ஆகியவற்றின் விகிதங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்றுதான் வரும். ஆகவே தேயிலையை ஒதுக்கினாலே மற்றவற்றை நாடுவதுபோல் கணக்கில் தோன்றிவிடும். அதைத் தவிர்க்க, விகிதங்களை ஒன்றுக்கொன்று வகுத்து மடக்கை எடுத்து, ஒவ்வொரு விலங்கையும் ஓர் அலகாக வைத்து ஒப்பிடுகிறார்கள். ஆனால் அதற்குக் குறைந்தது ஆறு அலகுகளாவது வேண்டும். மூன்று கூட்டங்களே இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தெரிவு விகிதங்களைத் தனித்தனியே அட்டவணையிட்டு, மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று விளக்குவதே நேர்மையானது. பின்னாளில் கூட்டங்களைச் சேர்த்து இந்த முறைக்குப் போனால், ஒரு கூட்டம் காப்பிக்குள் நுழையவே இல்லை என்ற சுழியத்தின் இடத்தில் சிறிய எண் ஒன்றை இட வேண்டியிருக்கும். எந்த எண் என்பதைப் பொறுத்து முடிவு அசையக்கூடும் என்பதால், இரண்டு மூன்று எண்களை வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?
— வாசகர், குமுளி

பதில்: வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமானது. கிளெமான் கலாஞ்ச் அதற்காக எழுதிய ‘அடிஹாபிடாட்-ஹெச்எஸ்’ (adehabitatHS) தொகுப்பில், மேலே சொன்ன மடக்கை முறைக்கு ‘கம்பானா’ (compana) என்ற கட்டளையும், தெரிவு விகிதத்துக்கு ‘வைட்ஸ்’ என்ற பெயரில் மூன்று கட்டளைகளும் (widesI, widesII, widesIII) உள்ளன. விலங்குகளைத் தனித்தனியே அடையாளம் காணாத மறையூர் வாசகிக்கு முதலாவது. அடையாளம் கண்டு, பரப்பை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக அளந்திருந்தால் இரண்டாவது. வால்பாறை வாசகரைப் போல ஒவ்வொரு கூட்டத்தின் எல்லைக்குள்ளும் பரப்பைத் தனியே அளக்க முடிந்தவர்களுக்கு மூன்றாவது. பரப்பை அளக்கும் வேலைக்கு ‘கியூஜிஐஎஸ்’ (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், அதுவும் இலவசமே.