பக்கத்து எல்லையிலிருந்து வரும் பரிந்துரையை எடுக்கலாமா?

நீங்கள் ஃபிரான்சைஸ்காரர், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில், ஒப்பந்தப்படி உங்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குள் தொழில் நடத்துபவர். வாட்ஸ்அப்பில் பரிந்துரை கேட்ட பிறகு கம்பெனியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்ததால் இதைக் கேட்கிறீர்கள். உங்கள் வாடிக்கையாளர் தன் அக்காவின் எண்ணைக் கொடுத்தாலும், அக்கா வீடு பக்கத்து ஃபிரான்சைஸ்காரரின் எல்லைக்குள் இருந்தால் நீங்களாக அழைக்காதீர்கள். அக்காவே உங்களைத் தேடி வந்தால் பல ஒப்பந்தங்களில் தடையில்லை. தேடிப் போவதுதான் சிக்கல்.

கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதற்குக் காரணம், "தெரிந்தவர்களைச் சொல்லுங்கள், தள்ளுபடி உண்டு" என்று நீங்கள் போட்ட வாட்ஸ்அப் செய்தியாகத்தான் இருக்கும். அதை எல்லை தாண்டி ஆள் பிடிப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தத்தில் எல்லைப் பிரிவை எடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். தடை 'விளம்பரம் செய்ய, அணுக' மட்டுமா, 'சேவை செய்ய'வும் சேர்த்தா? சேவைக்கும் தடை என்றால், தானாக வந்தவரையும் பக்கத்துக்காரரிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்புறம், கணக்கில் வருவது வாடிக்கையாளரின் முகவரியா, வேலை நடக்கும் இடமா என்பதையும் பாருங்கள்.

பக்கத்துக்காரர் வாய்வார்த்தையாகச் சரி சொன்னது போதாது. கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.